பாம்பு வேரும் மூளையின் வேதியியலும்

பருவத் தேர்வு நெருங்கும்போது எங்கள் கல்லூரி விடுதியில் வல்லாரைத் துவையலுக்குத் தனி மதிப்பு வந்துவிடும். சென்ற ஆண்டு ஒளியியல் வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது மாணவர் ஒருவர் என்னை நிறுத்திக் கேட்டார்: "சார், வல்லாரை சாப்பிட்டால் உண்மையிலேயே ஞாபக சக்தி கூடுமா? இல்லை, சும்மா சொல்கிறார்களா?"

தாவரவியல் ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ கேட்க வேண்டிய கேள்வி இது. ஆயினும் இதற்குள் ஓர் இயற்பியல் கேள்வியும் இருக்கிறது. ஒரு மூலிகை மூளையில் வேலை செய்கிறது என்பதை எதை அளந்து சொல்வது? காய்ச்சல் மருந்தின் பயனை வெப்பமானி காட்டிவிடும். மூளைக்கு அப்படி ஓர் அளவுகோல் உண்டா?

இக்கேள்விக்கு ஏறக்குறைய முழுமையான விடை கிடைத்த இந்திய மூலிகை ஒன்று உண்டு. அது சர்ப்பகந்தா. நாட்டு மருந்துக் கடையிலிருந்து புறப்பட்ட அந்த வேர், இருபதாம் நூற்றாண்டில் மூளையைப் பற்றிய மனிதனின் அறிவையே மாற்றியது. அதன் வரலாற்றை அறிந்துகொண்டால், வல்லாரையைப் பற்றிய கேள்விக்கு எவ்வாறு விடை தேட வேண்டும் என்பதும் விளங்கும்.

பைத்தியத்துக்கு மருந்து

சர்ப்பகந்தா அரளிக் குடும்பத்தைச் சேர்ந்த குறுஞ்செடி. முழங்கால் உயரம் முதல் இடுப்புயரம் வரை வளரும். கணுவுக்கு மூன்று இலைகள் வட்டமாக அமைந்திருக்கும். பூ வெண்மை; காம்பு சிவப்பு; பழுத்த காய் கருஊதா. இமயமலை அடிவாரம் முதல் மேற்குத் தொடர்ச்சி மலை வரையிலும், பர்மா, ஜாவா போன்ற இடங்களிலும் நிழலான காடுகளில் இது வளர்கிறது. வளைந்து நெளிந்த இதன் வேர் கடுங்கசப்பு உடையது.

வேரின் தோற்றத்தாலோ என்னவோ, இது பாம்புக் கடிக்கு மருந்து என்று பல நாடுகளிலும் நம்பினார்கள். பாம்பின் நஞ்சை இது முறிக்கும் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. பாம்பு கடித்தவரை நஞ்சுமுறி ஊசி உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்வதே வழி. ஆனால் இதே வேருக்கு வேறொரு பயனும் வழக்கில் இருந்தது. பீகாரில் இதற்குப் 'பாகல் கீ தவா' என்று பெயர். பைத்தியத்துக்கு மருந்து என்பது பொருள். மூர்க்கமாக நடந்துகொள்வோருக்கு வேர்ப்பொடியைக் கொடுத்து அடக்குவார்கள். அழும் குழந்தையைத் தூங்கவைக்கவும் தாய்மார் இதைச் சிறிதளவு கொடுத்ததுண்டு.

மேனாட்டுத் தாவரவியலார் இச்செடியின் இனத்துக்கு 'ராவுல்ஃபியா' என்று பெயரிட்டனர். பதினாறாம் நூற்றாண்டில் மேற்கு ஆசியாவில் மூலிகை தேடிப் பயணம் செய்த லியோன்ஹார்டு ராவுல்ஃப் என்ற ஜெர்மானிய மருத்துவரின் நினைவாக, 1703-இல் சார்ல்ஸ் ப்ளூமியே என்ற பிரெஞ்சுத் தாவரவியலார் வைத்த பெயர் அது. ராவுல்ஃப் இந்தியாவுக்கு வந்தவர் அல்லர் என்பது வேடிக்கை.

ஆக, ஒரே வேருக்குப் பாம்புக் கடி, மூர்க்கம், தூக்கமின்மை என்று பல பயன்கள் சொல்லப்பட்டன. இவற்றுள் எது மெய், எது வெறும் நம்பிக்கை என்று பிரித்தறிய வழியில்லாமல் சில நூற்றாண்டுகள் கடந்தன.

தில்லியிலும் கல்கத்தாவிலும்

1931-ஆம் ஆண்டு இவ்வேரின் வரலாற்றில் திருப்புமுனை. அந்த ஒரே ஆண்டில் இரு நகரங்களில் இரு வகையான ஆராய்ச்சிகள் வெளிவந்தன.

யுனானி மருத்துவரும் விடுதலை இயக்கத் தலைவருமான ஹக்கீம் அஜ்மல் கான், தில்லியில் ஆயுர்வேத யுனானி திப்பியாக் கல்லூரியை வளர்த்தவர். நாட்டு மருந்துகளை நவீன வேதியியலின் துணைகொண்டு ஆராய வேண்டும் என்பது அவர் விருப்பம். ஜெர்மனியில் படித்து டாக்டர் பட்டம் பெற்ற சலீமுஸ்ஸமான் சித்திகி அதற்குத் துணையானார். 1927-இன் இறுதியில் அஜ்மல் கான் மறைந்த பின்னும் பணி தொடர்ந்தது. சித்திகியும் ராஃபத் ஹுசைன் சித்திகியும் சர்ப்பகந்தா வேரிலிருந்து ஐந்து ஆல்கலாய்டுகளைப் படிகங்களாகப் பிரித்தெடுத்து 1931-இல் வெளியிட்டார்கள். ஆல்கலாய்டு என்பது தாவரங்கள் உண்டாக்கும், நைட்ரஜன் அடங்கிய காரத்தன்மையுள்ள சேர்மம். அபினியில் உள்ள மார்ஃபினும், சிங்கோனா மரப்பட்டையில் உள்ள குயினினும் இவ்வகையே. ஐந்தில் ஒன்றுக்கு அஜ்மல் கானின் நினைவாக 'அஜ்மலின்' என்று பெயர் வைத்தனர்.

அதே ஆண்டில் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவரும் வேர்ப்பொடியை நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்டவற்றைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். கணநாத் சென் ஆயுர்வேதக் கவிராஜர். ஆங்கில மருத்துவமும் பயின்றவர். 20 முதல் 30 கிரெயின் வரையிலான பொடியை நாளுக்கு இருமுறை கொடுத்தால் மூர்க்கம் தணிகிறது, இரத்த அழுத்தமும் குறைகிறது என்று அவர்கள் எழுதினார்கள். இரண்டாவது செய்தி முற்றிலும் புதியது. இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவி கையில் இல்லாத பழைய வைத்தியர் எவரும் அதைக் கண்டிருக்க முடியாது.

இரண்டு ஆராய்ச்சிகளும் ஒன்றோடொன்று பொருந்தியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் சித்திகிகள் பிரித்த ஐந்து படிகங்களில் எதுவும் மனத்தை அமைதிப்படுத்தும் பொருளாக இல்லை. ஆர். என். சோப்ரா முதலானோர் கல்கத்தாவில் நடத்திய விலங்குச் சோதனைகள் பின்னர் ஒரு குறிப்பைத் தந்தன. படிகங்களைப் பிரித்த பின் எஞ்சிய பிசின் போன்ற பகுதியே தூக்கத்தைத் தருகிறது என்பதே அது. வேதியியலார் வழக்கமாகத் தள்ளிவிடும் பிசுபிசுப்பான அந்தப் பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று அறிய மேலும் இருபது ஆண்டுகள் ஆயின.

பம்பாயிலிருந்து பாசல் நகருக்கு

இதற்கிடையில் சர்ப்பகந்தா மாத்திரையாக விற்பனைக்கு வந்தது. இந்திய மருத்துவர்கள் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு அதைக் கொடுத்து வந்தார்கள். ஆயினும் உலகம் அதை அறியவில்லை. பம்பாயைச் சேர்ந்த இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், உயர் இரத்த அழுத்தம் கொண்ட 50 நோயாளிகளிடம் அதன் விளைவை முறையாகப் பதிவு செய்து, 1949-இல் பிரிட்டனின் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். அதன் பிறகே மேலை நாடுகள் விழித்துக்கொண்டன. 1957-இல் வக்கீலுக்கு அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு கிடைத்தது.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா நிறுவனத்தைச் சேர்ந்த முல்லர், ஷ்லிட்லர், பைன் ஆகிய மூவர், புறக்கணிக்கப்பட்ட அந்தப் பிசினை ஆராய்ந்தார்கள். 1952-இல் அதிலிருந்து ஒரு புதிய ஆல்கலாய்டைப் பிரித்து 'ரெசர்பின்' என்று பெயரிட்டார்கள். வேரின் அமைதி தரும் பண்புக்கும் அழுத்தத்தைக் குறைக்கும் பண்புக்கும் பெரும்பாலும் இதுவே காரணம் என்று தெரிந்தது. நான்கே ஆண்டுகளில், 1956-இல், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உட்வர்டு இதைச் செயற்கையாகவே தொகுத்துக் காட்டினார்.

இங்கே ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோகிராம் உலர்ந்த வேரில் ரெசர்பின் ஏறத்தாழ ஒரு கிராம்தான். அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. கல்கத்தா மருத்துவர்கள் கொடுத்த 20 முதல் 30 கிரெயின் பொடி ஏறத்தாழ 1.3 முதல் 2 கிராம் வரை ஆகும். நாளுக்கு இருமுறை என்றால் 2.6 முதல் 4 கிராம். ஆகவே உடலுக்குள் சென்ற ரெசர்பின் ஏறத்தாழ 2.6 முதல் 4 மில்லிகிராம். பிற்காலத்தில் இரத்த அழுத்தத்துக்குப் போதும் என்று வரையறுக்கப்பட்ட அளவோ நாளுக்கு 0.1 முதல் 0.25 மில்லிகிராம்தான்! மூர்க்கத்தை அடக்கும் அளவும் அழுத்தத்தைக் குறைக்கும் அளவும் பத்து மடங்குக்கு மேல் வேறுபடுகின்றன. 'ஒரு சிட்டிகை வேர்ப்பொடி' என்பதற்குள் எத்தனை நன்மையும் எத்தனை ஆபத்தும் அடங்கியிருக்கலாம் என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

அமைதியும் அதன் விலையும்

நியூயார்க் மாநிலத்தில் ராக்லண்டு மனநோய் மருத்துவமனையில் பணியாற்றிய நேதன் க்ளைன், 1954-இல் சர்ப்பகந்தா மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்த அனுபவத்தை வெளியிட்டார். அந்நாள்களில் இத்தகைய மருத்துவமனைகள் சிறைச்சாலைகளைப் போலவே இருந்தன. மருந்து கொடுத்த பிறகு, மருத்துவமனையில் உடைந்த சன்னல் கண்ணாடிகளை மாற்றுபவருக்கு வேலை குறைந்துவிட்டதாம். க்ளைன் இதைப் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். மனநோய்க்கும் மருந்து இருக்கக்கூடும் என்ற நம்பிக்கையை உலகுக்கு அளித்ததில், 1952-இல் பாரிஸில் பயன்பாட்டுக்கு வந்த குளோர்ப்ரோமசினோடு ரெசர்பினுக்கும் பங்குண்டு.

ஆனால் விரைவிலேயே வேறு செய்தியும் வந்தது. இரத்த அழுத்தத்துக்காக நெடுநாள் அதிக அளவில் ரெசர்பின் உண்டவர்களில் சிலர், காரணமின்றி ஆழ்ந்த சோர்விலும் மனத் துயரிலும் வீழ்ந்தார்கள். அமெரிக்க மருத்துவர் எட்வர்டு ஃப்ரைஸ் 1954-இலேயே இதை எச்சரித்து எழுதினார். சிலருக்குக் கைகால் நடுக்கமும் விறைப்பும் உண்டாயின. துயரத்துக்கு ரெசர்பின் எந்த அளவு காரணம் என்பதில் பிற்கால ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எல்லாச் சான்றுகளும் ஒரே திசையைக் காட்டவில்லை. எனினும் அன்று எழுந்த கேள்வி மிக முக்கியமானது. இயற்கையான ஒரு வேரிலிருந்து வந்த சிறு மூலக்கூறு மனிதனின் மனநிலையையே மாற்றக்கூடும் என்றால், மூளைக்குள் அது எதைத் தொடுகிறது?

ஒளியால் அளந்த மூளை

இவ்விடத்தில்தான் இயற்பியல் கைகொடுத்தது. மூளையில் செரட்டோனின் என்ற பொருள் இருப்பதை 1953-இல் பெட்டி ட்வாரோக், இர்வின் பேஜ் ஆகியோர் காட்டியிருந்தனர். ஆனால் அதன் அளவு மிக மிகக் குறைவு. ஒரு கிராம் மூளைத் திசுவில் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவு. பத்து இலட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. எந்தத் தராசால் இதை நிறுப்பது?

அமெரிக்காவில் பெதஸ்டா நகரின் தேசிய ஆராய்ச்சி நிலையத்தில் ராபர்ட் போமன் ஒரு கருவியை உருவாக்கினார். அதன் தத்துவம் எளிது. சில மூலக்கூறுகள் புற ஊதாக் கதிரை உட்கவர்ந்து, அதைவிட நீண்ட அலைநீளமுள்ள ஒளியாக வெளிவிடும். இதனை ஒளிர்தல் என்கிறோம். குழல் விளக்கின் உட்பூச்சு செய்வதும் இதுவே. எந்த அலைநீளத்தை உட்கவர்கிறது, எந்த அலைநீளத்தை வெளிவிடுகிறது என்ற இரண்டும் சேர்ந்து அந்த மூலக்கூறின் கைரேகை போலாகும். வலிமையான அமிலத்தில் கரைத்த செரட்டோனின் 295 நானோமீட்டர் கதிரை ஏற்று, 550 நானோமீட்டர் அளவில் ஒளிர்கிறது. ஒளியின் செறிவை அளந்தால் பொருளின் அளவு கிடைத்துவிடும்.

அதே நிலையத்தில் பெர்னார்டு பிராடி, ஆல்ஃபிரட் ப்ளெட்ஷர், பார்க்கர்ஸ்ட் ஷோர் ஆகியோர் 1955-இல் முயல்களுக்கு ரெசர்பின் செலுத்தி, அவற்றின் மூளையைச் சோதித்தார்கள். செரட்டோனினில் மிகப் பெரும் பகுதி மறைந்துபோயிருந்தது! ஒரு மருந்தைக் கொடுத்ததும் விலங்கின் நடத்தையும் மாறுகிறது, அதன் மூளையிலுள்ள குறிப்பிட்ட ஒரு பொருளின் அளவும் மாறுகிறது என்பது இவ்வளவு தெளிவாகக் காட்டப்பட்டது அதுவே முதல் தடவை. மூளைக்கும் ஓர் அளவுகோல் கிடைத்துவிட்டது.

முயலின் காதுகள் நிமிர்ந்தன

பிராடியிடம் சில மாதங்கள் பயின்று சுவீடனின் லுண்டு நகருக்குத் திரும்பிய அர்விட் கார்ல்சன், ரெசர்பின் வேறு எவற்றைக் குறைக்கிறது என்று தேடினார். ரெசர்பின் செலுத்திய முயல்கள் காதுகள் தொங்க, அசைவற்றுக் கிடந்தன. 1957-இல் அவரும் அவருடைய குழுவினரும் அவற்றுக்கு 'டோபா' என்ற பொருளைச் செலுத்தினார்கள். 15 நிமிடங்களில் முயல்கள் காதுகளை நிமிர்த்தி எழுந்து நடமாடத் தொடங்கின. செரட்டோனினாக மாறக்கூடிய பொருளைச் செலுத்தியபோது இந்த மாற்றம் நிகழவில்லை.

டோபா உடலில் முதலில் டோபமினாக மாறும். அதுவரை டோபமினை வெறும் இடைநிலைப் பொருள் என்றே எண்ணியிருந்தனர். கார்ல்சன் குழுவினர் 1958-இல் மூளையில் அதன் அளவை ஒளிர்தல் முறையால் அளந்து, அது தனக்கென்று ஒரு பணியுள்ள செய்தியாளர் என்று கூறினார்கள். அடுத்த ஆண்டே, அசைவுகளை ஒழுங்குபடுத்தும் மூளைப் பகுதியில் டோபமின் மிகுதியாக இருப்பது தெரிந்தது. 1960-இல் லண்டனில் கூடிய கருத்தரங்கில் மூத்த அறிஞர்கள் பலர் இதை ஏற்க மறுத்தனர். ஆனால் அதே ஆண்டில் வியன்னாவில் எரிங்கரும் ஹார்னிக்கியவிச்சும், பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையில் அந்தப் பகுதியில் டோபமின் பெரிதும் குறைந்திருப்பதைக் கண்டார்கள். கைநடுங்கி, உடல் விறைத்து முடங்கிக் கிடந்த நோயாளிகளுக்கு டோபா கொடுக்கும் முறை 1960-களில் வந்தது. இன்றும் அந்நோய்க்கு முதன்மையான மருந்து அதுவே.

ரெசர்பின் செய்வது என்ன என்பதும் பின்னர் விளங்கிற்று. நரம்பணுவின் முனையில் செரட்டோனின், டோபமின் போன்றவை நுண்பைகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும். அவற்றைப் பைக்குள் ஏற்றி அனுப்பும் புரதம் ஒன்று உண்டு. ரெசர்பின் அந்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டு வாயிலை அடைத்துவிடுகிறது. பைகள் காலியாகின்றன; வெளியே தங்கிய பொருளை நொதி சிதைத்துவிடுகிறது. களஞ்சியத்தின் கதவை அடைத்துவிட்டால் களத்தில் கிடக்கும் நெல் வீணாவது போன்றது இது. மருந்து உடலைவிட்டு நீங்கிய பின்னும் அதன் விளைவு பல நாள் நீடிப்பதற்குக் காரணமும் இதுவே. புதிய பைகள் உண்டாகி வரும்வரை மூளை காத்திருக்க வேண்டும்.

நினைவுக்கு என்ன தொடர்பு?

நினைவாற்றலைப் பற்றி இந்த வேர் ஏதேனும் சொல்கிறதா? நேரடியாக இல்லை. ஆனால் அது காட்டிக்கொடுத்த பொருள்கள் சொல்கின்றன. 1979-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், குரங்கின் மூளை முன்பகுதியில் டோபமினை மட்டும் குறைத்துப் பார்த்தார்கள். தீனி சற்றுமுன் எந்தப் பக்கம் இருந்தது என்பதை நினைவில் வைத்துச் செய்ய வேண்டிய சோதனையில் அக்குரங்கு தடுமாறியது. டோபா கொடுத்தபோது தேறியது.

எரிக் காண்டல், கடல் முயல் என்னும் மெல்லுடலியைத் தேர்ந்தெடுத்தார். அதன் நரம்பு மண்டலத்தில் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்களே உள்ளன. அந்த உயிர் ஒன்றைக் கற்றுக்கொள்ளும்போது செரட்டோனின் வெளிப்பட்டு, நரம்பணுக்களுக்கு இடையேயுள்ள இணைப்பை வலுப்படுத்துகிறது என்று காட்டினார். செரட்டோனினை ஒருமுறை மட்டும் செலுத்தினால் அந்த வலிமை சிறிது நேரமே நிலைக்கும். இடைவெளி விட்டு ஐந்து முறை செலுத்தினால் ஒரு நாளுக்கு மேல் நிலைக்கும். கார்ல்சன், காண்டல், பால் கிரீன்கார்டு ஆகிய மூவருக்கும் 2000-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இன்று இரத்த அழுத்தத்துக்கு ரெசர்பினை மருத்துவர்கள் அரிதாகவே எழுதிக் கொடுக்கிறார்கள். அதற்கு மாற்றாக எளிய மூலக்கூறு தேடியபோது கிடைத்த டெட்ராபெனசின், கட்டுக்கடங்காத உடலசைவுகளைத் தணிக்கப் பயன்படுகிறது. செடியின் நிலைதான் கவலைக்குரியது. உலகத் தேவைக்காகக் காடுகளில் வேரோடு பிடுங்கப்பட்டு அது அருகிவிட்டது. 1990 முதல் அதன் பன்னாட்டு வணிகம் உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. வேருக்காகக் கொல்லப்படும் செடி, இலைக்காகப் பறிக்கப்படும் செடியைப் போல மீண்டும் தழைப்பதில்லை.

மாணவருக்கு விடை

இனி வல்லாரைக்கு வருவோம். சர்ப்பகந்தாவின் வரலாறு நமக்கு மூன்று கேள்விகளைக் கற்றுத் தருகிறது. எந்தச் செடி, எவ்வளவு, எதை அளந்து சொல்கிறீர்கள்?

முதல் கேள்வியிலேயே குழப்பம் இருக்கிறது. நினைவுக்கு உகந்தது என்று போற்றப்படும் 'பிரம்மி' என்னும் பெயர், சில பகுதிகளில் வல்லாரையையும் வேறு சில பகுதிகளில் நீர்ப்பிரம்மியையும் குறிக்கிறது. இரண்டும் வேறு வேறு குடும்பத்தைச் சேர்ந்த செடிகள். இவற்றுள் நீர்ப்பிரம்மி, இலக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் நெடுங்காலம் ஆராயப்பட்டது. ஆஸ்திரேலியாவில் 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 40 முதல் 65 வயது வரையுள்ள 76 பேரில் சிலருக்கு நீர்ப்பிரம்மியும் மற்றவர்களுக்கு மருந்தில்லாப் போலி மாத்திரையும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது உண்டவருக்குத் தெரியாது. மூன்று மாதத்துக்குப் பின், நீர்ப்பிரம்மி உண்டவர்கள் புதிதாகக் கற்றதை மறக்கும் வேகம் சற்றுக் குறைந்திருந்தது. கற்கும் வேகம் கூடவில்லை. 2001-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வுகளிலும், ஒரே வேளை உண்டவர்களிடம் பயன் தென்படவில்லை. 12 வாரம் உண்டவர்களிடமே தென்பட்டது. தேர்வுக்கு முதல் நாள் இரவு உண்பதால் பயன் உண்டு என்று இவற்றில் எதுவும் சொல்லவில்லை.

ஆகவே அந்த மாணவரிடம் நான் கூறியது இதுதான்: "வல்லாரைத் துவையலை ருசிக்காகச் சாப்பிடு, தவறில்லை. ஆனால் 'மூலிகைதானே, கெடுதல் செய்யாது' என்று சொல்லி ஞாபக மாத்திரை என எவரேனும் விற்றால் வாங்காதே. கெடுதலே செய்ய முடியாத பொருள் மூளையில் நன்மையும் செய்யப் போவதில்லை. உண்மையில் வேலை செய்யும் மருந்து என்றால், அதன் அளவைத் தெரிந்தவர் சொல்லாமல் உண்ணக் கூடாது."

"அப்படியானால் தேர்வுக்கு என்ன சார் வழி?" என்றார்.

கடல் முயலின் கதையைச் சொன்னேன். இடைவெளி விட்டு ஐந்து முறை. ஒளியியல் பாடத்தையும் அவ்வாறே படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.